எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றால்?

கேள்வி: குற்ற விசாரணைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான, அறிவுசார் குறைபாடுள்ள 22 வயதுப் பெண்ணிடம் வாக்குமூலம் வாங்கினேன். எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்கிறார். பாதிக் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார். இது நீதிமன்றத்தில் நிற்குமா?

பதில்: நிற்பது கஷ்டம். அதற்காக அந்தப் பெண்ணை நம்ப முடியாது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் உங்கள் கேள்விகளை எடுத்துப் பாருங்கள். “அவன் உன்னை அறைக்குள் கூட்டிட்டுப் போனானா?” என்றால் ‘ஆமாம்’தான் வரும். தலையாட்டினால் திட்டு விழாது என்று சின்ன வயதிலிருந்தே பழகியவர்கள் பலர்.

அடுத்த முறை, பேச ஆரம்பிக்கும்போதே வேண்டுமென்று ஒரு தப்பைச் சொல்லுங்கள்: “உங்களுக்கு அஞ்சு வயசு, சரியா?” அவர் மறுத்தால் பாராட்டுங்கள். ‘தெரியாது’, ‘புரியல’ என்று சொல்லலாம் என்பதையும் இப்படியே பழக்குங்கள். அப்புறம் “என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் தோற்பது இந்த மௌனத்தில்தான். கேட்டதையே திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடுவார். ‘அதுவா, இதுவா’ என்றால் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளக்கூடும். மணி, தேதி வேண்டாம். அப்போது டிவியில் என்ன ஓடியது என்று கேளுங்கள்.

அம்மாவிடம் முன்கூட்டியே தனியாகப் பேசுங்கள். உடல் உறுப்புகளுக்கு மகள் என்ன பெயர் சொல்வார், எப்போது களைத்துப்போவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விசாரணையின்போது அவர் வெளியே இருக்கட்டும்; அவரே ஒரு சாட்சியாகலாம். துணைக்கு ஆள் தேவையென்றால் வழக்கோடு சம்பந்தமில்லாதவராக, கண்ஜாடை காட்ட முடியாத இடத்தில் உட்காரட்டும்.

பேச்சே வராதவருக்குப் படப்பலகை, அதாவது படங்களைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லும் பலகை, உதவும். ஆனால் அதில் பசி, தண்ணீர், கழிப்பறை மட்டும் இருந்தால் நடந்ததை எதை வைத்துச் சொல்வார்? உறுப்புகள், ஆட்கள், ‘இதில் எதுவும் இல்லை’ எல்லாம் இருக்க வேண்டும். பேச முடியாதவரின் கையை உதவியாளர் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் முறையை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். இருவருக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் பார்த்ததே எழுத்தில் வந்தது. பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கமும் 2018இல் அறிவித்துவிட்டது.

ஏற்கெனவே வாங்கியதைக் கிழித்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகளோடு, எந்தப் பதில் அம்மாவுடையது என்று குறித்துக் கோப்பில் வையுங்கள். மறுவிசாரணையை இதில் பயிற்சி பெற்ற வேறொருவர் நடத்தட்டும், முழுவதும் வீடியோவில்.