கிணற்று மீத்தேன் எந்த வழியாக வந்தது?

கேள்வி: பென்சில்வேனியாவின் வடகிழக்கில் வசிக்கிறோம். குடிநீருக்கு வீட்டு போர்வெல்தான். தண்ணீரில் மீத்தேன் இருக்கிறது. கார்பன் ஐசோடோப்புச் சோதனையில் ஆழத்து வாயு என்று முடிவு வந்தது. பக்கத்தில் எரிவாயுக் கிணறு தோண்டிய நிறுவனமோ, இந்த மண்ணில் அது எப்போதும் உண்டு என்கிறது. ஹீலியம், நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களை அளக்கும் சோதனைக்குச் செலவு செய்யலாமா?

பதில்: முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். மீத்தேன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கண்காணிக்க வேண்டும். 28-ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே போர்வெல் மூடிக்கு வென்ட் (வாயு வெளியேறும் குழாய்) வைத்து, மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நிறுவனம் சொல்வதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. உங்கள் ஊருக்கு அடியில் இருக்கும் மார்செல்லஸ் ஷேல் என்ற எரிவாயுப் பாறைப் பகுதியில் ஆழத்து வாயு, உப்புநீரோடு சேர்ந்து பல லட்சம் ஆண்டுகளாக மேலே கசிந்திருக்கிறது. கார்பன் சோதனை வாயு எப்படி உருவானது என்று சொல்லும், வந்த வழியைச் சொல்லாது. மந்த வாயுக்கள் எதனுடனும் வினைபுரியாது, நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னாது. அதனால் வழியின் தடயம் அவற்றில் அழியாமல் தங்கும்.

ஹீலியம்-4 பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பிறக்கிறது. நியான்-20, ஆர்கான்-36 இரண்டும் காற்றிலிருந்து மழைநீரில் கரைந்து நிலத்துக்குள் இறங்குபவை. இயற்கைக் கசிவு என்றால் மீத்தேன், ஹீலியம், உப்பு மூன்றும் சேர்ந்தே ஏறியிருக்கும். ஆர்கான் அளவு குறையாது. உப்பு குறைவாகவும் மீத்தேன் அதிகமாகவும் இருந்து, மழைநீரில் இருக்க வேண்டிய ஆர்கான்-36 காணாமல் போயிருந்தால் கதை வேறு. குமிழிகளாக ஏறிய வாயு அதை நீரிலிருந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது.

இதைவிட வலுவான சான்றும் உண்டு. ஹீலியம் மீத்தேனைவிடக் குறைவாகவே நீரில் கரையும். ஈரப் பாறைக்குள் ஆயிரக்கணக்கான அடி நுழைந்து வரும் வாயு, மீத்தேனை வழியில் விட்டுவிட்டு வரும். ஹீலியத்தின் பங்கு கூடும். உங்கள் கிணற்றில் அந்த விகிதம் எரிவாயுக் கிணற்றில் உள்ளதைப் போலவே இருந்தால், அது பாறையைக் கடந்து வரவில்லை. எரிவாயுக் கிணற்றின் உள்ளே இறக்கிய கேசிங் குழாயையோ அதைச் சுற்றிய சிமென்ட்டையோதான் சந்தேகிக்க வேண்டும்.

2014-இல் புவிவேதியியலாளர் தாமஸ் டாராவின் குழு மார்செல்லஸில் 113, டெக்சாஸின் பார்னெட் ஷேல் பகுதியில் 20 குடிநீர்க் கிணறுகளை இப்படித்தான் ஆராய்ந்தது. மாசுபட்ட எட்டுக் கிணற்றுத் தொகுப்புகளில் நான்குக்குச் சிமென்ட்டும், மூன்றுக்குக் கேசிங்கும், ஒன்றுக்கு நிலத்தடியில் எரிவாயுக் கிணறே பழுதானதும் காரணம் எனக் கண்டது. எரிவாயு எடுக்க ஷேலைப் பிளந்ததால் வாயு தானாக மேலேறியதற்குச் சான்று இல்லை. உங்களுக்கு இது நல்ல சேதி என்றே நினைக்கிறேன். சிமென்ட்டையும் கேசிங்கையும் பழுது பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மாதிரியைப் பாட்டிலில் எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், பிளாஸ்டிக் வழியாக ஹீலியம் நழுவிவிடும். இரு முனையும் நசுக்கி மூடும் செம்புக் குழாய்தான் வேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிரஷர் டேங்குக்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். ஒரு காற்றுக் குமிழி உள்ளே போனாலும் நியான், ஆர்கான் கணக்கு கெட்டது. எரிவாயுக் கிணற்றின் உற்பத்தி வாயு, கேசிங்கைச் சுற்றிய இடைவெளியில் தேங்கும் வாயு இரண்டின் மாதிரிகளையும் கேட்டு வாங்குங்கள். அவை கிடைக்காவிட்டால், ஒப்பிட ஆளில்லாத எண்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

உப்பின் அளவைக் காட்டும் குளோரைடையும் அதே நாளில் அளக்கச் சொல்லுங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள். டெக்சாஸில் சில கிணறுகள் ஆய்வு நடக்கும்போதே மாறிவிட்டன.