பெங்களூரில் தினமும் அலுவலகம் போய்வர, மைலேஜ் தரும் பழைய கார் எதை வாங்கலாம்?

அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, போக வர 40 கி.மீ., கையில் நாலு லட்சம். நண்பர் டீசல் ஸ்விஃப்ட் எடுக்கச் சொல்கிறார். சென்னைப் பதிவு வண்டி ஒன்றும் மலிவாக வந்திருக்கிறது. இதுதானே உங்கள் நிலைமை?

முதலில் கணக்கைப் பாருங்கள். மாதம் 22 நாள் போனால் வருடத்துக்குப் பத்தரை ஆயிரம் கி.மீ. ஓடும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டிக்கும் 16 தரும் வண்டிக்கும் வருடத்தில் 44 லிட்டர்தான் வித்தியாசம். பெட்ரோலை 103 ரூபாய் என்று வைத்தால் நாலரை ஆயிரம். தேய்ந்த கிளட்சை ஒருமுறை மாற்றினாலே அந்தக் காசு போய்விடும். அதனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது சோதனைக்கூடத்து எண். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து போகிறபோது எந்த வண்டியும் அதைத் தராது. எடை குறைந்த, சின்ன பெட்ரோல் இன்ஜின் வண்டியாக, ஒழுங்காக சர்வீஸ் பார்த்ததாக எடுங்கள்.

டீசல் வேண்டாம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது, ஆக உங்களுக்குக் கிடைக்கும் டீசல் ஸ்விஃப்ட் எதுவும் அதற்கு முந்தையது. சர்வீஸ் செலவு கூடுதல். வருடம் 20,000 கி.மீ.க்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

உங்கள் காசுக்கு நான் பார்ப்பது வேகன் ஆர் அல்லது செலெரியோ, இரண்டிலும் ஒரு லிட்டர் அளவுள்ள பெட்ரோல் இன்ஜின் கிடைக்கும். வண்டியின் உடம்பு கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்றால் டாடா டியாகோ. 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது 4 நட்சத்திரம் வாங்கியது, வேகன் ஆர் 2019-இல் வாங்கியது இரண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு கி.மீ. மைலேஜ் குறைந்தாலும் நான் டியாகோதான் எடுப்பேன். எதுவானாலும் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாகப் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரலில் ஏபிஎஸ் (திடீரென பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் என்று இரண்டும் எல்லா கார்களுக்கும் கட்டாயமாகின.

இன்னொன்று. இப்போது பங்க்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அப்படிப்பட்ட கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. கணக்குப் போடும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜி நல்ல யோசனைதான், ஆனால் பங்க் உங்கள் வழியிலேயே இருக்க வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, அந்தத் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்தச் சென்னை வண்டி. விலை குறைவு என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம். அப்போது நிறைய கார்கள் மூழ்கின. 2022 செப்டம்பரில் இங்கே பெல்லந்தூர், யமலூர் பக்கமும் அதே கதிதான். என் சித்தப்பா மகனுக்கு வண்டி பார்க்க ஓசூர் போயிருந்தோம். வெளியே பளபளவென்று பாலிஷ், உள்ளே புது சீட் கவர். ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு சாண் பழுப்பாக இருந்தது, ஓரத்தில் காய்ந்த சேறு. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினால் பள்ளத்தில் மணல். விலை பேசாமல் திரும்பிவிட்டோம். பெல்ட்டை இழுக்க ஒரு நிமிடம் ஆகாது, தயவுசெய்து செய்து பாருங்கள்.

வண்டி சுத்தமாகவே இருந்தாலும் வரி இருக்கிறது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கேஏ என்று தொடங்கும் கர்நாடகப் பதிவு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். பழைய ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரி நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல, வண்டியின் புது விலையையும் வயதையும் வைத்துப் போடுவது. அதைச் சேர்த்த பிறகும் கேஏ வண்டியைவிட மலிவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எந்த வண்டியானாலும் காலையில், இன்ஜின் சூடாகாதபோது போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டால் சுட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். காலியான சாலையில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இரைச்சல் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. மீட்டரை நம்பாமல் சர்வீஸ் சென்டர் பதிவில் கி.மீ. சீராக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டயரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். இருபதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நாலு டயரும் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ மஞ்சள் தடம் எலக்ட்ரானிக் சிட்டி வழியாக ஓடுகிறது. அல்சூரிலிருந்து மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாற வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அதில் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வண்டி வாங்கலாம், அவசரம் இல்லையே. வாங்குகிற நாளில் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் 29, 30 எண் படிவங்களில் விற்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.