அரசு ஒன்றைக் கட்டாயம் என்று சொல்லும்போது, தனிமனிதர் அதை எப்போது மறுக்கலாம்?

முதலில் அது ஆணைதானா என்று பாருங்கள். பல சமயம் விவகாரம் இங்கேயே முடிந்துவிடும்.

சட்டம், அதன் கீழ் வந்த விதி, துறையின் சுற்றறிக்கை, கவுண்டரில் இருப்பவரின் வாய்ச்சொல், நான்குக்கும் ஒரே எடை கிடையாது. சட்டத்தில் இல்லாத கடமையை வெறும் சுற்றறிக்கையை வைத்து உங்கள் தலையில் கட்டினால் அதைக் கேள்வி கேட்கலாம். எழுதிக் கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் பிறப்பித்தது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு விலக்கு, மீறினால் என்ன தண்டனை. அரைப் பக்கம் போதும். இந்தக் கடிதத்தில் ஆவேசம் வேண்டாம், ‘அடிப்படை உரிமை’ என்ற சொல்கூட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று பதில் வந்தால், அது கட்டாயமே இல்லை.

சட்டத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் அளவைப் பாருங்கள். நோக்கம் நியாயமானதா, இந்த வழியில் அது நிறைவேறுமா, உங்கள் உரிமையில் இதைவிடக் குறைவாகக் கைவைக்கும் வழி இருக்கிறதா, பலனுக்கு இந்தச் சுமை தகுமா. பல நாட்டு நீதிமன்றங்கள் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கின்றன. உங்கள் வாதத்தின் பலத்தை மூன்றாவது கேள்வியில் வையுங்கள்; மாற்று வழியை நீங்களே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மறுப்பின் விலையை அடுத்தவர் கொடுக்க நேர்ந்தால் உங்கள் வழக்கு பலவீனம். மாசசூசெட்ஸில் பெரியம்மைத் தடுப்பூசியை மறுத்த ஜேக்கப்சன் 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் விட்டுவிடும் ஒன்று: தண்டனை 5 டாலர் அபராதம்தான், கையைப் பிடித்து யாரும் ஊசி போடவில்லை. மாறாக, பள்ளியில் கொடி வணக்கத்தை மறுத்த பிள்ளைகளால் யாருக்கும் கேடில்லை. 1940-இல் அத்தகைய பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம் 1943-இல் மாற்றிக்கொண்டது.

சொதப்புவது பெரும்பாலும் நடைமுறையில்தான். மேல்முறையீடு போட்டுவிட்டால் ஆணை தானாக நிற்கும் என்று நினைப்பார்கள். பொதுவாக நிற்காது, இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்க வேண்டும். கெடு நாள் தவறினால் நல்ல வழக்கும் வாசலிலேயே திரும்பும். போலிச் சான்றிதழ் வாங்கினீர்களானால் கதை முடிந்தது: மனசாட்சி விஷயம் மோசடி வழக்காகிவிடும். போவது பணம் மட்டும் என்றால் ‘எதிர்ப்பைப் பதிவுசெய்து செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டு வழக்காடுங்கள். உடல், கைரேகை போல ஒருமுறை கொடுத்தால் திரும்பாதவை என்றால், தடை வாங்குவதுதான் முதல் வேலை.

எல்லாக் கதவும் மூடிய பிறகு மனசாட்சிக்காக மீறுவது வேறு வகை. அதை ஒளிந்து செய்யக் கூடாது. 1917-இல் பீகாரின் சம்பாரண் மாவட்டத்தை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவை காந்தி மீறினார். மோதிஹாரி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, காரணத்தை எழுத்தில் வாசித்தார். அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. எல்லோருக்கும் அப்படி நடக்காது. சிறைக்கோ வேலை இழப்புக்கோ வீட்டில் தயாரா என்று முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொருவரை வதைக்கவோ கொல்லவோ சொல்லும் ஆணைக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதை மறுத்தே ஆக வேண்டும். மேலதிகாரி சொன்னார் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது நடந்த நியூரம்பர்க் விசாரணையின் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படி ஓர் ஆணை வந்தாலும் ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். வாயால் சொன்னவர் கையெழுத்துப் போடத் தயங்குவார்.