கதவு நிலையில் ஒரு பள்ளம்

கேள்வி: பெர்லினில் ஒரு மழலையர் காப்பகத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜெர்மன் தோழியோடு சேர்ந்து ஜெர்மன்–ஆங்கிலம் இருமொழிக் காப்பகம் தொடங்க, இங்குள்ள குரூனவால்ட் பகுதியில் ஒரு பழைய பெரிய வீட்டைப் பார்த்திருக்கிறோம். ஹிட்லர் காலம்வரை அது ஒரு யூதக் குடும்பத்தின் வீடாம். வாசல் நிலையில் சாய்வாக ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே காப்பகம் நடத்துவது சரிதானா? பெற்றோரிடம் சொல்லலாமா?

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகத் தொடங்குங்கள். அந்த வீட்டில் மறுபடி குழந்தைகள் சத்தம் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் முதலில் அந்தப் பள்ளத்தைக் காப்பாற்றுங்கள். நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்தில், மேல்முனை உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் மெசூசா இருந்த இடம். யூத வேதமான தோராவின் வரிகளைக் கையால் எழுதிய தோல் சுருளைச் சிறு கூட்டில் வைத்து யூதர்கள் நிலையில் பதிப்பார்கள். வரும்போதும் போகும்போதும் தொட்டு விரலை முத்தமிடுவார்கள். எட்டாத பிள்ளையை யாரோ தூக்கிப் பிடித்துத் தொடவைத்திருப்பார்கள். பெயின்டர் வந்தால் முதல் வேலையாகப் பட்டி பூசி அடைத்துவிடுவார். இன்றே அதன்மேல் 'தொடாதீர்கள்' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

அப்புறம், பெயர்களைத் தேடுங்கள். நிலப் பதிவேட்டில் வீடு எப்போது கைமாறியது என்று வீட்டுக்காரர் மூலம் பாருங்கள். 1938 என்றோ அதற்குப் பிறகோ இருந்தால், 'விற்பனை' என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி ஆணைப்படி யூதர்களைச் சொத்தை விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடிந்தது. நாடு கடத்துவதற்கு முன் அவர்களிடம் 16 பக்கச் சொத்துப் படிவம் எழுதி வாங்கினார்கள். நாற்காலி, போர்வை, உடுப்பு எல்லாம் எண்ணிக்கையோடு. பெர்லின்காரர்களுடைய படிவங்கள் போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகள் உள்ள ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் இணையம் வழியாகவே தேடலாம். உங்கள் பகுதி ரயில் நிலையத்தின் 17ஆம் தடத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 1941 அக்டோபர் 18 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை நாடு கடத்திய பெர்லினின் முதல் ரயில் அங்கிருந்துதான் போலந்தின் வூட்ஜ் நகருக்குப் புறப்பட்டது.

பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் மறைத்ததுபோல் ஆகிவிடும். நான்கு வயதுப் பிள்ளை கேட்டால், "இங்கே முன்னால் ஒரு குடும்பம் இருந்தது. அவர்களை விரட்டிவிட்டார்கள், அது அநியாயம்" என்றால் போதும். வதைமுகாம் கதை அந்த வயதுக்கு வேண்டாம்.

நடைமுறையில் ஒன்று: காப்பக உரிமமும், குடியிருப்பைக் காப்பகமாக மாற்றும் அனுமதியும் கிடைக்கும் என்று தெரியாமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஜன்னலை மாற்றக்கூடத் தொல்சின்னத் துறையைக் கேட்க வேண்டும். மொழி விஷயத்தில், ஒரு ஆசிரியை பிள்ளைகளிடம் ஒரே மொழியில் பேசட்டும், உங்களுக்குத் தெரியாததா?

உறவினர் யாராவது கிடைத்தால் திறப்புக்கு முன்பே கடிதம் எழுதுங்கள். நடைபாதையில் அந்தக் குடும்பத்தாரின் பெயர் பொறித்த, பித்தளைத் தகடு போர்த்திய 10 சென்டிமீட்டர் நினைவுக் கல் பதிக்கலாமா, குடும்பப் பெயரைக் காப்பகத்துக்கு வைக்கலாமா என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியவை. பதில் வரும்வரை பெயர்ப்பலகை காத்திருக்கட்டும்.