நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப்: கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: கோவையை ஒட்டி எங்கள் தோட்டத்து வீட்டில் சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. 26 அடி நீளம், 13 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். அப்பாவுக்கு மூட்டு வலி. தினமும் அரை மணி நேரம் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆனால் மார்கழி, தையில் தண்ணீர் 23 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் அவரால் காலையே வைக்க முடியவில்லை. ஹீட் பம்ப் போடலாம் என்று இரண்டு இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் 9 கிலோவாட் போதும் என்கிறார். இன்னொருவர் 17 கிலோவாட் வேண்டும், அதன் சிஓபி 13, கரண்ட் செலவே தெரியாது என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேருமே உங்கள் குளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அந்தக் கணக்கை நாமே போட்டுவிடலாம், கடினமில்லை.

அதற்கு முன் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்தால் சுடும். உள்ளே இருக்கும் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுத்த சூட்டைத்தான் அது வெளியே தள்ளுகிறது. குளத்து ஹீட் பம்ப் இதே வேலையை வெளிக்காற்றை வைத்துச் செய்கிறது. ஃபேன் காற்றை இழுத்து, காயில் எனப்படும் சுருள் குழாயின் மேல் விடுகிறது. காயிலுக்குள் ஓடும் கேஸ் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் தன்மை கொண்டது என்பதால், 20 டிகிரி காற்றிலிருந்தும் அதனால் சூட்டை உறிஞ்ச முடியும். கம்ப்ரஸர் அந்த கேஸை அழுத்தும்போது அது நன்றாகச் சூடாகிறது. அந்தச் சூடு டைட்டானியக் குழாய் வழியாகக் குளத்துத் தண்ணீருக்குப் போகிறது. ஓடும் ஹீட் பம்பின் ஃபேன் முன்னால் கையை நீட்டிப் பாருங்கள், சில்லென்று காற்று வரும். அந்தக் காற்று இழந்த சூடுதான் உங்கள் குளத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மின்சாரம் இங்கே சூட்டை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் 1 யூனிட் கரண்டில் 4, 5 யூனிட் சூடு கிடைக்கிறது. அந்த விகிதத்துக்குப் பெயர்தான் சிஓபி.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் குளத்தில் சுமார் 38,000 லிட்டர் தண்ணீர். 1,000 லிட்டரை 1 டிகிரி சூடாக்க 1.16 யூனிட் சூடு வேண்டும். அப்படியானால் உங்கள் குளம் மொத்தமும் 1 டிகிரி ஏற ஏறக்குறைய 45 யூனிட். மூட்டு வலிக்காரருக்கு 29 டிகிரியாவது இருந்தால்தான் சுகமாக இருக்கும். 23-லிருந்து 29 வரை 6 டிகிரி, ஆக 270 யூனிட். சாதாரண எலக்ட்ரிக் ஹீட்டர் என்றால் 270 யூனிட்டும் மீட்டரில் ஓடும். இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, ஒரு யூனிட் சுமார் 12 ரூபாய் என்று வைத்தால், முதல் தடவை சூடாக்கவே 3,200 ரூபாய்க்கு மேல். சிஓபி 5 உள்ள ஹீட் பம்புக்கு 54 யூனிட், ஏறத்தாழ 650 ரூபாய்.

இது ஒரு தடவை ஏற்றும் செலவு. பணம் கரைவது இதற்கு அப்புறம்தான்.

இன்றிரவு குளத்து ஓர டைல்ஸில் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 160 லிட்டர் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு லிட்டரும் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மொத்தம் 108 யூனிட் சூடு, அதாவது ஒரே நாளில் 2 டிகிரிக்கும் மேல். மணிக்கு 9 யூனிட் சூடு தரும் அந்த 9 கிலோவாட் மெஷின் 12 மணி நேரம் ஓடினால் இந்த இழப்பை மட்டும்தான் ஈடுகட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோட்டத்துக்குள் வீசுகிற பக்கம் என்றால் இழப்பு இன்னும் கூடும்.

அதனால் ஹீட் பம்புக்கு முன்னால் நீங்கள் வாங்க வேண்டியது குளத்துக்கு ஒரு கவர். குமிழ் வைத்த பபிள் கவர் போதும், குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும். திறந்த குளம் இழக்கும் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகத்தான் போகிறது, கவர் போட்டால் அது ஏறக்குறைய நின்றுவிடும். கொட்டேஷன் கொடுத்த இருவருமே கவரைப் பற்றிப் பேசவில்லை என்றால், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறங்கும்போது கவரைப் பாதி சுருட்டி வைக்காமல் முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் குளத்துக்கு வேலியும் பூட்டும் கட்டாயம். பபிள் கவர் ஆள் எடையைத் தாங்காது, அதன் மேல் கால் வைக்கும் குழந்தை உள்ளே சிக்கிக்கொள்ளும்.

கவர் போட்ட பிறகு உங்கள் குளத்துக்கு 12 கிலோவாட் சரியாக இருக்கும். முதல் முறை சூடேற 22 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும், மூன்று நாளாகப் பிரித்து ஓட்டலாம். அப்புறம் தினமும் பகலில் சில மணி நேரம் போதும். 17 கிலோவாட் மெஷின் வாரக் கடைசியில் மட்டும் வந்து, சீக்கிரம் சூடாக வேண்டும் என்பவர்களுக்கு. தினமும் இறங்குகிற உங்களுக்கு அது கூடுதல் பணம்.

அந்த 13 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பொய்யாக இருக்காது. ஆனால் காற்றும் தண்ணீரும் 26, 27 டிகிரியில் இருந்து, ஈரப்பதம் 80 சதவீதமும் இருந்து, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மெஷின் பாதி வேகத்துக்கும் கீழே ஓடும்போது கிடைக்கிற எண். உங்களுக்கு மெஷின் தேவைப்படுவது மார்கழியில். ஆகவே டீலரிடம், ‘காற்று 15 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி, முழு வேகம், இதில் சிஓபி எவ்வளவு?’ என்று கேளுங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் பெரும்பாலும் அது இருக்கும். 4-க்கு மேல் இருந்தால் நல்ல மெஷின். அப்படியே கிலோவாட் என்று அவர் சொல்வது வெளியே வரும் சூடா, உள்ளே போகும் கரண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் ‘5 எச்பி மெஷின்’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

ஓட்டும் நேரம் பகல் 10 மணியிலிருந்து 4 மணி வரை இருக்கட்டும். கோவையில் தை மாத விடியலில் 18, 19 டிகிரி இருக்கும் காற்று மதியம் 30-ஐத் தொடுகிறது. காற்று சூடாக இருந்தால் அதே கரண்டில் கூடுதல் சூடு கிடைக்கும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் அதுவும் அப்போதுதான் கைகொடுக்கும். சாயங்காலம் அப்பா இறங்கி ஏறியதும் கவரைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் ஹீட் பம்ப் மாட்டினோம். அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் மாட்டியவர். நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஏசி குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து சொட்டுகிறது. ஆனாலும் சோதித்துவிடுங்கள். சொட்டும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, குளத்துக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனைப் பட்டையை அதில் நனையுங்கள். நிறம் மாறவில்லை என்றால் காற்றின் ஈரம். குளோரின் காட்டினால் உள்ளே குழாய் கசிகிறது, உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மாட்டிய இடத்தையும் ஒருமுறை பாருங்கள். தெரிந்தவர் வீட்டில், மழையில் நனையக் கூடாது என்று மூடிய பம்ப் ரூமுக்குள் வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் அறையே குளிர்ந்து, தான் விட்ட குளிர்க் காற்றையே மெஷின் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. காயிலில் வெள்ளையாகப் பனி, குளத்தில் சூடு ஏறவே இல்லை. வெளியே எடுத்துத் திறந்த இடத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. மழை அதை ஒன்றும் செய்யாது, காற்று இல்லாவிட்டால்தான் கெடும். குழாயில் அதன் இடம் ஃபில்டருக்கு அப்புறம், குளோரின் கலக்கும் கருவிக்கு முன்னால். குளோரின் மாத்திரையை, மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அந்த அடர்ந்த குளோரின் நேராக மெஷினுக்குள் போகும், வாரண்டி கேட்டால் இதைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

கேள்வி: ஊட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். விருந்தினருக்காகக் குளம் கட்ட ஆசை. ஹீட் பம்ப் அங்கே வேலை செய்யுமா?

பதில்: பகலில் செய்யும். சாதாரண மெஷின்கள் பல, காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் திணறும், காயிலில் பனி உறைந்து நின்றுபோகும். உறைபனி விழும் ஊர் உங்களுடையது. சுழற்சியைத் திருப்பிவிட்டுத் தானே பனியை உருக்கும் வசதி இருக்கிறதா, எத்தனை டிகிரி வரை ஓடும் என்று எழுத்தில் வாங்குங்கள். குளத்தைச் சின்னதாக, கண்ணாடிக் கூரைக்குள் கட்டினால் காற்று அடிக்காது, செலவும் பெரிய அளவில் குறையும். திறந்தவெளியில் பெரிய குளம் கட்டிவிட்டு அதை ஆண்டு முழுவதும் சூடாக வைக்க நினைத்தால் அறை வாடகை தாங்காது. இன்னும் கட்டவில்லை என்பதால் இப்போதே சொல்கிறேன்.

கேள்வி: குளியலறைக்கு வைத்திருக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரையே குளத்துக்கும் இணைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது கொஞ்சம் தண்ணீரை 55, 60 டிகிரிக்கு ஏற்றச் செய்தது. குளத்துக்கு வேண்டியது நிறையத் தண்ணீரைச் சில டிகிரி ஏற்றுவது. அதைவிட, டைட்டானியம் இல்லாத சாதாரணச் செம்புக் குழாயைக் குளோரின் தண்ணீர் நாளடைவில் அரித்துவிடும்.