டேலி அலுவலகத்தில், ஆர்டர் கிளவுடில்: இரண்டையும் எப்படி இணைப்பது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பா தொடங்கிய வாகன உதிரி பாக வியாபாரத்தை இப்போது நான் கவனித்துவருகிறேன். கணக்கு, ஸ்டாக் எல்லாம் அலுவலக சர்வரில் உள்ள டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கின்றன. வெளியே சுற்றும் சேல்ஸ் பையன்கள் செல்போனிலிருந்து, இன்டர்நெட் வழியே இயங்கும் ஒரு கிளவுட் செயலியில் ஆர்டர் போடுகிறார்கள். தினமும் 50, 60 ஆர்டர் வரும். அக்கவுண்ட்ஸ் அக்கா அத்தனையையும் பார்த்துப் பார்த்து டேலியில் மறுபடி அடிக்கிறார், தவறுகள் வருகின்றன. ‘எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடுங்கள்’ என்கிறார் ஒருவர். ‘ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும்’ என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டாமவர் சொன்னதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். டேலி, எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழி வடிவில் மற்ற மென்பொருள்களிடம் தகவலை வாங்கவும் கொடுக்கவும் ஒரு போர்ட், அதாவது ஒரு வாசல், வைத்திருக்கிறது. வழக்கமாக அதன் எண் 9000. அது அலுவலக நெட்வொர்க்குக்குள் பயன்படுத்துவதற்கானது. அதை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது, கல்லாப்பெட்டியைத் தூக்கித் தெருவோரம் வைப்பதற்குச் சமம்.

முதலாமவர் சொல்வது தவறில்லை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தில்லை. கணக்கையே இடம் மாற்றுவது ஆடிட்டர், பழைய வருடக் கணக்குகள், ஊழியர் பழக்கம் என்று பல மாதங்களை விழுங்கும் வேலை. மாற்றிய பிறகும் ஆர்டர் ஒரு செயலியில், கணக்கு இன்னொரு செயலியில்தான் இருக்கும். அந்த இரண்டையும் அப்போதும் இணைத்தாக வேண்டும். உங்களை வாட்டுவது மறு எண்ட்ரி. அதை மட்டும் தீர்ப்போம்.

இதற்கு நடைமுறையில் உள்ள வழி, இணைப்பை உள்ளேயிருந்து வெளியே தொடங்குவது. டேலி இருக்கும் சர்வரிலேயே ஒரு சின்ன கனெக்டர் மென்பொருளைப் போட்டுவிட வேண்டும். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிளவுட் செயலியின் ஏபிஐயிடம் (மற்ற மென்பொருள்கள் தகவல் கேட்டு வாங்குவதற்கான வழி) போய் ‘புது ஆர்டர் இருக்கிறதா?’ என்று கேட்கும். இருந்தால் எடுத்துவந்து டேலியில் சேர்க்கும். வெளியாள் உள்ளே வரக் கதவே தேவையில்லை. பெரிய நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்டின் ஆன்-பிரெமிசஸ் டேட்டா கேட்வே, எஸ்ஏபி கிளவுட் கனெக்டர் இரண்டும் இதே முறையில்தான் உள்ளேயிருந்து இணைப்பை ஏற்படுத்துகின்றன. இதில் இன்னொரு வசதி உண்டு. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி, வாங்க வேண்டாம். சாலை தோண்டி ஃபைபர் அறுந்த நாளில் டாங்கிளுக்கு மாறினாலும் வேலை நடக்கும்.

கனெக்டர் விற்பவர்கள் இதுவரை சொல்வார்கள். இதற்கு மேல்தான் உண்மையான வேலை இருக்கிறது. அது உங்கள் பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது.

டேலி ஒரு லெட்ஜரை, அதாவது ஒரு கடைக்காரரின் கணக்கை, பெயரை வைத்துத்தான் அடையாளம் காணும். செயலியில் சேல்ஸ் பையன் ‘ஸ்ரீ முருகன் ஆட்டோஸ், ஆவடி’ என்று போட்டிருப்பார். டேலியில் அதே கடை ‘முருகன் ஆட்டோ ஆவடி’ என்று இருக்கும். அக்காவுக்கு இரண்டும் ஒரே கடை என்று தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அது ஆர்டரைத் திருப்பி அனுப்பும். இல்லை, கனெக்டரை அப்படி அமைத்திருந்தால் சத்தமில்லாமல் புது லெட்ஜரைத் தொடங்கிவிடும். ஒரே கடைக்காரரின் பாக்கி இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கும். வசூலுக்குப் போகும்போது உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகாது. ஆகவே ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து இரண்டு பக்கமும் அதையே எழுதிவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணையே அடையாள எண்ணாக வைக்கலாமே என்பார்கள். ஆவடியிலும் தாம்பரத்திலும் கிளை வைத்திருப்பவருக்கு தமிழ்நாடு முழுக்க ஒரே ஜிஎஸ்டி எண் இருக்கலாம், அதனால் அது மட்டும் போதாது. பொருள்களுக்குப் பார்ட் நம்பர். அளவிலும் கவனம் வேண்டும்: நாலு உருப்படி கொண்ட ஒன்றைப் பையன் ‘செட்’ என்று போட, டேலி அதைத் தனித்தனி எண்ணிக்கையாகக் கொண்டால் ஸ்டாக் நாலு மடங்கு தப்பும்.

பெயர்களில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொல்லாத எழுத்து ‘&’. நம் ஊரில் பாதிக் கடைகள் ஏதோ ஒரு ‘& சன்ஸ்’, ‘& கோ’. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. மாற்றி எழுதாமல் அனுப்பினால் அந்தச் செய்தி முழுதுமே படிக்க முடியாததாகிவிடும். கனெக்டர் காட்டவருபவரிடம் முதல் சோதனையாக ‘& சன்ஸ்’ கடை ஒன்றுக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

பெயர்கள் சரியானதும், எந்த விவரத்துக்கு எது முதலாளி என்று முடிவு செய்யுங்கள். ஆர்டர் கிளவுடில் பிறக்கட்டும். ஸ்டாக், பாக்கி, கடன் வரம்பு டேலியில் இருக்கட்டும். செயலி அவற்றைப் பார்க்கலாம், மாற்றக் கூடாது. விலைப்பட்டியல் ஏதாவது ஒரே இடத்தில். இரண்டு பக்கமும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் நீங்கள் ஏற்றிய விலையை மதியம் பழைய விலை வந்து மூடிவிடும். இதை மென்பொருள்காரர் முடிவு செய்யக் கூடாது. நீங்கள் உட்கார்ந்து எழுதித் தர வேண்டியது.

அடுத்து, ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிடும் சிக்கல். கிண்டியில் ஒரு நிறுவனத்துக்கு இணைப்பு செய்து கொடுத்த புதிதில் நடந்தது. கனெக்டர் ஆர்டரை டேலிக்குக் கொடுத்தது, டேலி பதிந்துவிட்டது, பதில் வருவதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. பதில் வரவில்லையே என்று கனெக்டர் அதே ஆர்டரை மறுபடி கொடுத்தது. லாரியில் இரண்டு லோடு சரக்கு ஏறிய பிறகுதான் கோடவுன்காரர் போன் செய்தார். அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து நான் செய்யும் எந்த இணைப்பிலும், கிளவுட் ஆர்டர் எண் டேலியின் பதிவான வவுச்சரிலேயே எழுதப்படும்; அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே புது வவுச்சர் விழும்.

பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் முறையே இதற்கு நல்ல உதாரணம். விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால் உங்களுக்கே பழக்கமாகியிருக்கும். அதில் ஒவ்வொரு பில்லுக்கும் தரப்படும் ஐஆர்என் என்ற 64 எழுத்து எண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் நம்பர், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. அதே பில்லை மறுபடி அனுப்பினால் அதே எண்தான் வரும். ‘டூப்ளிகேட்’ என்று திரும்பிவிடும்.

சர்வர் அணைந்திருந்தால் என்ன ஆகும்? டேலி ஓடிக்கொண்டும், உங்கள் கம்பெனியின் கணக்கு (டேலி இதையே ‘கம்பெனி’ என்கிறது) அதில் திறந்தும் இருந்தால்தான் கனெக்டரால் எதையும் பதிய முடியும். அக்கா மாலை ஆறரைக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனால் ஏழு மணி ஆர்டர் எங்கே போகும்? கிளவுட் பக்கம் வரிசையில் காத்திருக்க வேண்டும். மறுநாள் டேலி திறந்ததும் வந்த வரிசைப்படியே உள்ளே வர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் பேட்டையில் தண்ணீர் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்து பிறகு சர்வர் எழுந்தால், ஆர்டர்கள் என்ன ஆகும்?’ என்று விற்பவரிடம் கேளுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், சர்வரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டேலிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்பது வேறு, ஆர்டர் பதிவானது என்பது வேறு. எத்தனை உருவாகின, எத்தனை பிழை என்று டேலி தன் பதிலில் எண்ணிக்கை சொல்லும். அதைக் கனெக்டர் படித்து, நின்றுபோன ஆர்டர்களின் பட்டியலைத் தினமும் காலையில் அக்காவின் போனுக்கு அனுப்ப வேண்டும். இரவில் இரண்டு பக்கமும் ஆர்டர் எண்ணிக்கையும் மொத்த ரூபாயும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் ரவுண்ட் ஆஃப்தான்.

தேதியையும் பாருங்கள். பல கிளவுட் செயலிகள் உள்ளே யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் பதிகின்றன. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஏப்ரல் 1 அதிகாலை ஐந்து மணிக்கு வந்த ஆர்டரை மாற்றாமல் எடுத்தால் மார்ச் 31 என்று, போன நிதியாண்டில் போய் உட்காரும்.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடம் கட்டாயம். கனெக்டர் போட்ட பதிவு எது, அக்கா போட்ட பதிவு எது என்று பிரித்துக் காட்ட முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கணக்கேடுகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பதும் விதி. அது சிரமமில்லை, ஸோஹோவுக்கு சென்னையிலும் மும்பையிலும் டேட்டா சென்டர் உண்டு, மைக்ரோசாஃப்ட் அஸூரின் தென்னிந்தியப் பிரிவும் சென்னையில்தான் இருக்கிறது.

ஒரே நாளில் எல்லாரையும் மாற்றாதீர்கள். டேலி கம்பெனியை ஒரு காப்பி எடுத்து, ஒரே ஒரு சேல்ஸ் பையனின் ஆர்டர்களை இரண்டு வாரம் அதில் விழவிடுங்கள். அக்கா வழக்கம்போல அசல் கணக்கில் அடிக்கட்டும். இரண்டையும் தினமும் ஒப்பிடுங்கள். இந்த வேலையில் முதல் நாளிலிருந்தே அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடை எந்தப் பெயரில் இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

இந்த வாரமே இரண்டு பக்கத்துப் பட்டியலையும் எக்செலில் எடுத்து அவரிடம் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் பார்ட் நம்பர் வரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் 03-12 என்ற பார்ட் நம்பரை எக்செல் தேதியாக்கிவிடும்.