பழைய பைக்குக்குப் பெரிய டிஸ்க்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 2012 ராயல் என்ஃபீல்டு க்ளாசிக் 350 இருக்கிறது. முன்பக்கம் 280 மி.மீ. டிஸ்க். 320 மி.மீ. போட்டால் பிரேக் இரண்டு மடங்கு பிடிக்கும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சக்கரத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் கட்டை) கவ்வுகிறதோ, அந்தத் தூரத்துக்கு ஏற்பத்தான் பிரேக்கின் பிடி கூடும். பேடின் நடுப்பகுதி டிஸ்க் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 280-இல் அந்தத் தூரம் 125 மி.மீ.; 320-இல் 145. லீவரை அதே அளவு அழுத்தினால் கிடைப்பது 16 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். 300 மி.மீ. என்றால் வெறும் 8 சதவீதம். கைக்குத் தெரிந்தால் அதிசயம்.

பெரிய டிஸ்க்கின் இன்னொரு லாபம் சூடு தாங்குவது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு இறங்குபவருக்கு அது உதவும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு அந்தச் சூடே ஏறாது.

இத்தனை வருட வண்டியில் அந்த 16 சதவீதத்தைவிட அதிகமாகவே பிரேக் தன் பழைய பிடியை இழந்திருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அதை மீட்டெடுங்கள். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் உங்கள் காலிப்பர், இரண்டு பிஸ்டன்களையும் ஒரே பக்கம் வைத்து, இரண்டு பின்களில் வழுக்கி நகரும் வகை. அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்துவிட்டால் காலிப்பர் நகராது. ஒரு பேட் தேய்ந்து, மறு பேட் புதிதாகவே இருக்கும். கழற்றியதும் இரண்டு பேடையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பின்னைத் துடைத்து சிலிகான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதிவிடும். அடுத்தது பிரேக் ஆயில் போகும் ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் உப்பாது. அதனால் விசை கூடாது, லீவர் கெட்டியாக இருக்கும். கூடவே பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது போதும். டாட் 5 சிலிகான் வகை, அதை இதோடு கலக்கவே கூடாது.

கை வலிக்காமல் பிடிக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால், லீவர் அருகே ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். 14 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 12.7 மி.மீ. வைத்தால் அதே கை அழுத்தத்துக்கு 21 சதவீதம் கூடுதல் அழுத்தம் வரும். டிஸ்க் தருவதைவிட அதிகம்! லீவர் சற்று ஆழமாக வரும். ஹேண்டில்பாரில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பரவாயில்லை, 320 போடத்தான் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: காலிப்பரை ஃபோர்க்கோடு இணைக்கும் பிராக்கெட்டில். விட்டம் 40 மி.மீ. கூடினால் காலிப்பர் வெளிப்பக்கம் 20 மி.மீ. நகர வேண்டும். பட்டறையில் பட்டை இரும்பை வெல்ட் செய்து தருவார்கள், வாங்காதீர்கள். மொத்த பிரேக் விசையும் அந்தத் துண்டின் வழியாகத்தான் ஃபோர்க்குக்குப் போகிறது. உங்கள் வண்டிக்கென்றே கடைந்தெடுத்த பிராக்கெட் வேண்டும். பிராக்கெட்டின் தடிமனால் காலிப்பர் பக்கவாட்டில் விலகும். டிஸ்க் அதற்கேற்ற வளைவோடு வந்திருக்கிறதா என்று, பேட் போடாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டிஸ்க் காலிப்பரின் வாய்க்கு நடுவில் ஓட வேண்டும். ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். பேட் டிஸ்க் விளிம்பைத் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் அந்த ஓரம் தேயாமல் உதடுபோல் நின்று, பிறகு பிடியைக் கெடுக்கும்.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காதிருக்க எண்ணெய் தடவியிருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசையை விட்டுவிடும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது போல்ட்டில் நீல நிற த்ரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, எதிரெதிராக, இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஹோஸைக் கழற்றியிருந்தால் செம்பு வாஷர்கள் புதிதாக வேண்டும். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

பேடும் புதிதாகவே இருக்கட்டும். பழைய பேடில் பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்திருக்கும். புது டிஸ்க்கில் முழுதாக ஒட்டாது. காலி ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகப் பிடித்து விடுங்கள், ஒரு பதினைந்து முறை. முழுதாக நிறுத்தி லீவரைப் பிடித்தபடி நிற்காதீர்கள். சூடான பேடின் தடம் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் லீவர் துடிக்கும்.

கேள்வி: பல்சர் 150-க்கு வீலுக்குப் பவுடர் கோட்டிங் அடித்து, புது டிஸ்க்கும் போட்டேன். இப்போது பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கிறது. டிஸ்க் மட்டமானதா? (வாசகர், கோவை)

பதில்: டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் அதைக் கழற்றி, ஹப்பில் அது உட்காரும் முகத்தைப் பாருங்கள். அங்கும் கோட்டிங் இருக்கும். அதன் கனம் 0.06 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கலாம், அதுவும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. போல்ட் வட்டத்தில் ஒரு பக்கம் 0.08 மி.மீ. உயர்ந்தால், 240 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பில் அந்த ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடும். அந்த முகத்தை மட்டும் உலோகம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள்; கிரைண்டர் வேண்டாம். அடுத்த முறை கோட்டிங்குக்குக் கொடுக்கும்போதே அங்கே டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லையென்றால், ஒரு பழைய ஸ்போக்கை ஃபோர்க்கில் கட்டி, முனை டிஸ்க்கை உரசுவதுபோல் வைத்து வீலைச் சுற்றுங்கள். ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தால் அது அதிகம்தான். பெரும்பாலான மேனுவல்கள் அனுமதிப்பது 0.3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. இன்னொரு அறிகுறியும் உண்டு: முதல் முறை லீவர் காலியாக இறங்கி, இரண்டாவது முறை சரியாகப் பிடிக்கும். டிஸ்க் ஆடி ஆடிப் பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். துடிப்பு லீவரில் இல்லாமல் ஹேண்டிலில் டக் டக் என்று வந்தால் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கை) பாருங்கள்.

கேள்வி: ஆடும் டிஸ்க்கை லேத்தில் போட்டுச் சமன் செய்யலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: வேண்டாம். கார் டிஸ்க் கனத்த வார்ப்பிரும்பு. பைக் டிஸ்க் மெல்லிய, கடினப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மேலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். புதிதில் 5 மி.மீ., குறைந்தபட்சம் 4.5 என்றால் உங்களுக்கு இருப்பதே அரை மில்லிமீட்டர். லேத் அதைத் தின்றுவிடும்.

கேள்வி: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் வேறு டிஸ்க் போடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: சக்கர வேகத்தை சென்சார் படிக்க உதவும் பல் வளையம் பழையதேதான் வேண்டும், அல்லது பல் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் முன் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் தப்பாகப் படிக்கும். சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியும் மேனுவல் சொன்னபடி இருக்க வேண்டும். மாட்டி முடித்து ஓட்டிப் பார்க்கும்போது மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையென்றால் முதலில் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள்.